தூரத்து அருவி

எங்கள் நாஞ்சில் நாட்டில் அருவிக்குப் பஞ்சமில்லை. திற்பரப்புக்குப் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுகிற கோதையாற்றுக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் அப்படிப் போய்வந்தவர் யாராவது அதைப் பற்றி மறுவாரமும் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பாண தீர்த்தம் போனவர்களோ இருபது வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

பாண தீர்த்தம் திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணி காரையாறு அணைக்குள் வந்து விழும் இடம். தந்தைக்கு நீர்க்கடன் செலுத்த ராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய தீர்த்தம் என்பது ஐதீகம். அணை நீரில் படகேறித்தான் ஜனங்கள் போய்வந்தார்கள். இரண்டு பக்கமும் மழைக்காடு கரைவரை இறங்கி நிற்கும். தண்ணீரே பச்சையாக இருக்கும். படகில் ஏறும்போது அரட்டையடித்தவர்கள் பாதி வழியில் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள். முதலில் ஓசை வரும்; அருவி அப்புறந்தான் வரும்.

இரண்டு இடத்திலும் விழுவது மலைத் தண்ணீர்தானே, எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? வழியிலிருந்துதான். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களைப் பாருங்கள். முன்சிறைத் திருமலையில் தொடங்கிப் பன்னிரண்டு கோயில்களையும் ஓடியே தரிசிக்கிறார்கள். திற்பரப்பு மூன்றாவது. அந்தச் சந்நிதியில் கால் கொப்புளித்து நிற்பவனும், காரில் வந்து இறங்குகிறவரும் காண்பது ஒரே மகாதேவரைத்தான் என்று சாஸ்திரம் சொல்லும். எனக்குச் சந்தேகம் உண்டு.

இதுவரை வாதம் சுகமாகவே போகிறது. பேச்சிப்பாறையில்தான் இடறுகிறது.

மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை கட்டிய அணை அது. கட்டுவித்த மிஞ்சின் என்ற வெள்ளைக்கார என்ஜினீயரின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் நமக்கு விளைவது அந்தத் தண்ணீரில். ஏரிக்கு அக்கரையில், காட்டுக்குள், தச்சமலை முதலிய காணிக்காரர் குடியிருப்புகள். நல்லமிளகும் ரப்பர் ஷீட்டும் கொண்டு இக்கரைக்கு வரவும், ரேஷன் அரிசியோடு திரும்பவும் அவர்களுக்குப் படகு வேண்டும். அதே பச்சைத் தண்ணீர், அதே காடு, அதே மௌனம். அந்தப் பக்கத்து வள்ளக்காரர் ஒருவரிடம், ரோடு வந்தால் இந்த அழகெல்லாம் போய்விடாதா என்று கேட்டேன். "ரோடு வந்தா கொள்ளாம் சார். காத்தும் மழையுமா இருந்தா வள்ளம் போவாது. வயித்துவலிக்காரிக்கு அது தெரியுமா?" என்றார்.

ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பதும் அரிசியில்லாமல் பட்டினி கிடப்பதும் வயிற்றைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆனால் முன்னதற்குப் புண்ணியம் உண்டு, மறுநாள் பாரணையும் உண்டு. தூரமும் அப்படித்தான். ஒருநாள் நாமே தேடிக்கொண்டு போகிற தூரம் மனசைக் கழுவுகிறது. பிறப்பிலேயே வந்து சேர்ந்த தூரம் ஆளை அரிக்கிறது. முன்னதன் ருசிக்காகப் பின்னது அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட நமக்கு என்ன பாத்தியதை? அதிலும் அந்த ஏரி இல்லையென்றால் அவர்களுக்கு வள்ளமே வேண்டியிராது. ஏரி நமக்காக வெட்டியது.

அதற்காகக் காட்டைப் பிளந்து தார் போட்டுவிடலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ரோடு என்றால் ஆஸ்பத்திரி வண்டி மட்டும் வராது. மர லாரி வரும், சோப்புக் கட்டியோடு நாமும் வருவோம். காடு போனால் ஆறு ஏது, கும்பப்பூ ஏது? களக்காடு முண்டந்துறைக் காட்டை 1988ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பாண தீர்த்தம் போகிற உல்லாசப் பிரயாணிகளுக்குக் கெடுபிடிகள் வந்தன. பலர் முணுமுணுக்கிறார்கள். நான் முணுமுணுக்க மாட்டேன். பார்க்கப் போகிறவனுக்குத்தான் தடை இருக்க வேண்டும். அங்கேயே பிறந்தவனுக்கு வேண்டியது வேறு: மழையிலும் ஓடுகிற நல்ல மோட்டார் படகு, ராத்திரியிலும் ஆள் இருக்கிற துறை, அக்கரையிலேயே ஒரு நர்ஸ். இதற்கு ஆகும் செலவைச் சர்க்கார் அணைத் தண்ணீர் பாய்கிற வயல்களின் மேல் போடட்டும். நாலு மரக்கால் விதைப்பாடு வைத்திருக்கிற என் பெயரையும் அந்த ஜாபிதாவில் எழுதிக்கொள்ளலாம்.