ஒண்ணுமில்லை என்று சொல்லும் பிள்ளைகள்

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் பேச உட்கார்ந்தால் முதலில் வருவது ஒரு பட்டியல்: ராத்திரியெல்லாம் கேம், விடிந்தால் தூக்கம், கேட்டால் பதில் இல்லை. பிரிட்டனின் புரோக்ரெசிவ் ராக் குழுவான போர்க்யுபைன் ட்ரீ 2007 ஏப்ரலில் வெளியிட்ட ‘ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானட்’ ஆல்பமும் அப்படித்தான் தொடங்குகிறது. திரைச்சீலை மூடிய அறை, வீடியோ கேம், மாத்திரை, எதிலும் ஒட்டாத ஒரு பையன். ஐபோன் கடைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே இதை யோசித்திருக்கிறார்கள். ஆனாலும் பாட்டுகளை எழுதிய ஸ்டீவன் வில்சனுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடுவது பையன்தான் என்றாலும், முதல் பாட்டில் என் காதில் விழுவது அவன் அப்பாவின் புலம்பல்.

இத்தனைக்கும் வில்சன் செய்ய நினைத்தது நேர்மாறானது. பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘லூனார் பார்க்’ நாவலில் கதை சொல்பவர் தந்தை. அதை மகனின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்ததுதான் இந்த ஆல்பம். அந்த நோக்கம் முழுதாகக் கைகூடுவது ‘அனஸ்தெடைஸ்’ என்ற பாட்டில். 17 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது.

தனக்கு எல்லாம் மரத்துப்போய்விட்டது என்கிறான் பையன். குரலில் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. ஆனால் அடியில் கேவின் ஹாரிசனின் டிரம்ஸ் ஓயவே இல்லை. ரஷ் குழுவின் அலெக்ஸ் லைஃப்சன் விருந்தாளியாக வந்து வாசித்த கிதார் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் நடுப்பகுதி வெடிக்கிறது. அத்தனை கோபம்! மரத்துப்போனவனுக்கு ஏது கோபம்? வாய் ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று நடக்கிறது. அது ஆறி, கடைசிப் பகுதியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து வர, அவசரமே இல்லாமல் முடிகிறது. மூன்று நிமிடப் பாட்டாக இருந்தால் முதல் வாக்கியத்தோடு அவனை நம்பிவிட்டுப் போயிருப்போம். புரோக்ரெசிவ் ராக்கின் நீளத்தை வெறும் பகட்டு என்பவர்கள் உண்டு. இங்கே அந்த நீளம் இல்லாவிட்டால் பையனே இல்லை.

மாத்திரைகளைப் பற்றி ஆல்பம் காட்டும் கசப்பு எனக்கு உடன்பாடில்லை. மனநல மருத்துவரிடம் போனதால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. மருந்தைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விடுவதுதான் என் கவலை.

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஒருநாள் சாப்பிடக்கூட வராமல் அறையிலேயே இருந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய், “என்னடா ஆச்சு?” என்றேன். “ஒண்ணுமில்ல மாமா.” முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் மட்டும் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. மேற்கொண்டு கேட்காமல் அங்கேயே உட்கார்ந்தேன். தோசை ஆறிப்போனது. வெகுநேரம் கழித்து, இனிமேல் டியூஷனில் கடைசி பெஞ்சில்தான் உட்காரப்போவதாகச் சொன்னான். ஏன் என்ற கேள்வி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கால் இன்னும் கொஞ்ச நேரம் தட்டியது. பிறகு அவனாகவே சொல்ல ஆரம்பித்தான், நடுவிலிருந்து.