மிச்சம் பிடித்த நேரம் யாருக்கு?

'கெதியாய்ச் சமைக்கலாம்' என்று ஒரு சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது நாங்கள் உண்மையில் எதைப் பற்றிச் சொல்கிறோம்? சாப்பாட்டைப் பற்றியா, அதைச் சமைக்கிற ஆளைப் பற்றியா? உணவகக் குசினிகளில் வேலை செய்து பிழைக்கிற எங்களுக்கு இது சொல் விளையாட்டல்ல. எங்களுடைய நாள் முழுவதும் 'கெதி' என்ற இந்த ஒரு சொல்லின் மீதுதான் ஓடுகிறது.

ஓர் எளிய சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். புகலிட நாடுகளில், வேலைநாட்களில், மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் எம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று அடுப்பில் இருப்பது கோழியும் மரக்கறியும் போட்ட பாஸ்தா. புட்டும் இடியப்பமும் சனி ஞாயிறுக்கு ஒதுங்கிவிட்டன. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், தாய் தகப்பனுக்கு நேரம் மிச்சம் என்பதே காரணம்.

நாலு பேருக்கு 400 கிராம் பென்னே போதும். இத்தாலியக் குசினிகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஆகவே நாலு லீற்றர் தண்ணீரை முதலில் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். மற்ற வெட்டுக்கொத்து எல்லாம் அந்தத் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள். கோழி நெஞ்சை விரல் மொத்தத்தில் வெட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் பிரட்டி, நன்றாகக் காய்ந்த தாச்சியில் ஒலிவ் எண்ணெய் விட்டு இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். நெருக்கிப் போட்டால் கோழி பொரியாது. தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே தாச்சியில் முதலில் கரட், பிறகு பப்பிரிக்கா, சுக்கினி, கடைசியாக நசுக்கிய உள்ளி. பாஸ்தாவைப் பெட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தி வடித்து, அவித்த தண்ணீரில் ஒரு கரண்டியை எடுத்து வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிரட்டினால் அந்த மாத்தண்ணீரே குழம்பாய்த் திரண்டு பிடிக்கும். மேலே கொஞ்சம் தேசிப்புளி, துருவிய சீஸ், எங்களுக்கு இடித்த செத்தல் மிளகாய். பாஸ்தாவுக்குள் கோழியைப் போடுவதை இத்தாலியர் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு விவாதம்.

மொத்தம் 25 நிமிடம். எங்களுடைய கேள்வி இந்த 25 நிமிடத்தைப் பற்றியது.

இந்தச் சாப்பாடு உண்மையில் 25 நிமிடத்தில்தான் ஆகிறதா? எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சு மரத்தில் காய்ப்பதில்லை. எங்கோ ஒரு குளிரூட்டிய மண்டபத்தில், கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, ஒருவர் நாள் முழுக்க ஒரே வெட்டை வெட்டுகிறார். தை மாதத்தில் சுக்கினியும் பப்பிரிக்காவும் ஸ்பெயினின் அல்மேரியாப் பக்கமிருந்து வருகின்றன. வானத்திலிருந்து பார்த்தாலும் வெள்ளையாய்த் தெரிகிற அந்தப் பிளாஸ்ரிக் கூடாரங்களுக்குள் குனிந்து நிற்பவர்களில் மிகப் பலர் மொறோக்கோவிலிருந்தும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். தக்காளி போட்டால் அது தென் இத்தாலிக் கதை. அங்கே அறுவடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, அவர்களின் கூலியில் பங்கு பிடுங்கும் தரகர்களையும், அப்படிச் சுரண்டி வேலை வாங்கும் முதலாளிகளையும் தண்டிக்க 2016இல் ஒரு சட்டமே, 199ஆம் இலக்கச் சட்டம், கொண்டுவர வேண்டியிருந்தது. எங்களுடைய 25 நிமிடத்துக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய மணித்தியாலங்கள் கிடக்கின்றன. கெதியான சாப்பாடு என்று ஒன்று இல்லை. வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. உணவகத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து பாஸ்தா கேட்கிறார். பன்னிரண்டு நிமிடத்தில் தட்டு மேசைக்குப் போகிறது. அவர் சமையற்காரரின் கெட்டித்தனத்தை மெச்சுகிறார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகக் காலை ஒன்பது மணிக்கே வெங்காயம் உரித்து, கரட் சீவி, கோழி வெட்டி, சோஸ் காய்ச்சிப் பெட்டி பெட்டியாய் அடுக்கிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர் இதற்கு 'மீஸ் ஆன் பிளாஸ்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைப்பது என்று அர்த்தம். எங்களையும் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள். சுவிஸ் குசினிகளில் மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை வரும் இடைவெளிக்கு 'சிம்மர்ஸ்ருண்ட' என்று பெயர். அறைக்குப் போய் இருக்கும் நேரம். இரண்டரை மணிக்கு வெளியே விட்டு ஐந்து மணிக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். சம்பளம் இல்லை, வீடும் தூரம், பிள்ளையும் பள்ளிக்கூடத்தில். கூட்டு ஒப்பந்தத்தில் கிழமைக்கு 42 மணித்தியாலம் என்று இருக்கும். எங்களுடைய நாளிலோ காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்றுவரை போய்விடும்.

எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தில் பொருளியலை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள். அந்தப் பாடத்தில் முதலில் வரும் பெயர் அடம் ஸ்மித். இறைச்சிக்காரரும் பாண்காரரும் இரக்கத்தினால் எங்களுக்குச் சாப்பாடு தரவில்லை, தங்கள் தங்கள் நலனுக்காகவே தருகிறார்கள் என்று 1776இல் அவர் எழுதினார். சரி, இறைச்சியும் பாணும் வீட்டுக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு? ஸ்மித் கலியாணம் கட்டவில்லை. தாய் மார்க்ரெட் டக்ளஸ் 1784இல் சாகும்வரை அவரோடுதான் இருந்தார். வீட்டைப் பார்த்ததும் தாயும் ஒரு மைத்துனியும். சுவீடன் எழுத்தாளர் கத்ரின் மார்சல் 2012இல் ஒரு புத்தகமே எழுதி, ஸ்மித்தின் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்று கேட்டார். சந்தையின் கணக்குப் புத்தகத்தில் இறைச்சிக்காரர் இருக்கிறார். தாச்சிக்கு முன்னால் நின்ற ஆள் இல்லை.

இந்த இடத்தில் எம்மவர் சிலர் வேறொரு வாதத்தோடு வருவார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில் பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்:

"தம்பி, கிழமை நாளிலை வீட்டிலை என்ன சமையல்?"

"கோழி போட்ட பாஸ்தா ஐயா."

"அதுதானே பாத்தன். எங்கட அம்மா ஆக்கள் விடிய எழும்பி மா இடிச்சுப் புட்டு அவிச்சவை. இப்ப எல்லாம் அவசரம். அன்பில்லாத சாப்பாடு."

அவருடைய ஏக்கத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. புட்டின் வாசம் எங்களுக்கும் வேண்டும். ஆனால் அந்த ஆறுதலான சமையலின் கணக்கையும் பார்க்கத்தானே வேண்டும்? அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்து, குழைத்து, அவித்து, அதற்குள் தேங்காய் துருவி, சம்பலும் அரைத்து… பெரியவரின் அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பினாரென்றால் அவர் எப்போது படுத்தார் என்று யாராவது கேட்டார்களா? வசதியான வீடுகளில் அம்மாவும் இடிக்கவில்லை. நெல் குற்றவும் மா இடிக்கவும் வந்த பெண்கள் பின்வளவால் வந்தார்கள், கோடியில் நின்றார்கள். அவர்கள் இடித்த மா உள்ளே போனது, அவர்கள் போகவில்லை. அந்த ருசியும் வேறு யாரோ ஒருவரின் விடியற்காலைதான். அதை அன்பு என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ஆறுதலாய்ச் சாப்பிடுவதை ஓர் இயக்கமாக்கியவர்களும் இருக்கிறார்கள். 1986இல் றோம் நகரின் ஸ்பானிய சதுக்கத்தில் மக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து, கார்லோ பெத்ரீனியின் முன்முயற்சியில் 'ஸ்லோ பூட்' இயக்கம் வளர்ந்தது. 1989இல் பாரிசில் அதன் பிரகடனம் கையெழுத்தானது. விவசாயியையும் விதையையும் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். ஆனால் ஆறுதலாய்ச் சாப்பிடுகிறவருக்குப் பக்கத்தில் ஆறுதலாய்ச் சமைக்க நேரமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தரை கழுவி முடிக்கிறவருக்கும், முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டிவிட்டு ஆறு மணிக்கு ரெயின் ஏறுகிறவருக்கும் அந்த ஆறுதல் எங்கிருந்து வரும்?

ஆகவே, கெதி நல்லதா கூடாதா என்று கேட்பதே பிழையான கேள்வி என்று எங்களுக்குப் படுகிறது. கேட்க வேண்டியது வேறு: மிச்சம் பிடித்த நேரம் யாருக்குப் போகிறது?

நாங்கள் வேலை செய்த ஓரிடத்தில் மரக்கறியை வெட்டியபடியே பைகளில் வாங்கத் தொடங்கினார்கள். காலையில் இரண்டு மணித்தியால வேலை குறைந்தது. சந்தோசப்பட்டோம். அடுத்த மாதம் மூன்று பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் நின்றோம். மிச்சமான நேரம் முதலாளியின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அரிஸ்ரோட்டில் தன் 'அரசியல்' நூலில், தறி தானாகவே நெய்யுமென்றால் எஜமானுக்கு அடிமை தேவைப்படாது என்று ஒரு கற்பனை செய்கிறார். தறி தானாக நெய்யத் தொடங்கிப் பல காலமாயிற்று. நின்றவருக்கு இருக்க மட்டும் இன்னும் கதிரை வரவில்லை.

வீட்டில் என்ன நடக்கிறது? புட்டுக்குப் பதிலாய்ப் பாஸ்தா என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். அது யாருக்கு? எங்களுடைய வீடுகளில் கேட்கிற வசனம் இது: "கெதியா முடிஞ்சுதுதானே, உந்த உடுப்பையும் ஒருக்கால் மெசினுக்குள்ளை போட்டுவிடுமன்." அல்லது, "நாளைக்கு ஆக்கள் வரீனம், ரெண்டு றோல்சும் சுட்டு வையுமன்." கதிரையில் இருந்தபடி சொல்லப்படுகிற வசனங்கள். உணவகத்தில் முதலாளி செய்வதை வீட்டில் கணவன் செய்கிறான். ஒரு வித்தியாசம் உண்டு. முதலாளி மாதக் கடைசியில் ஏதோ தருகிறான். 1972இல் இத்தாலியின் பாதுவா நகரில் கூடிய பெண்கள் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது பலர் சிரித்தார்கள். பகலில் கூலிக்குச் சமைத்துவிட்டு இரவில் வீட்டுக்கு வருகிற எங்களால் சிரிக்க முடியாது. தாச்சி ஒன்று, நெருப்பு ஒன்று, நாரிநோவும் ஒன்று.

எங்களுடைய முடிவு இதுதான். கெதியாய்ச் சமைத்தது, சமைத்தவரை மேசைக்குக் கொண்டுவந்து இருத்துமென்றால் அது நல்ல சாப்பாடு. பெட்டியிலிருந்து வந்தாலென்ன, பாஸ்தாவுக்குள் கோழி கிடந்தாலென்ன. மற்றவர்கள் சாப்பிட, சமைத்தவரை அடுத்த வேலைக்குத் துரத்துமென்றால், அது விடிய நாலு மணிக்கு இடித்த மாவில் அவித்த புட்டாயிருந்தாலும் அநியாயமான சாப்பாடு. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. விருந்து சமைத்தவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்க நாங்கள்தான் இன்னோர் அதிகாரம் தொடங்க வேண்டும்.

அல்மேரியாவில் குனிந்து நிற்பவருக்கு இந்தக் கணக்கால் என்ன கிடைக்கும் என்று ஒருவர் கேட்கலாம். அவருடைய மணித்தியாலத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் நாங்கள் அவருக்கு அந்நியரும் அல்ல. விசாவுக்குக் காத்திருந்தபடி கோப்பை கழுவிய நாங்களும் அதே சங்கிலியில் ஒரு கண்ணிதான். தொழிற்சங்கக் கூட்டம் திங்கட்கிழமை, அதுவும் எங்களுடைய ஓய்வுநாளில் வருகிறது என்று முணுமுணுக்காமல் போவதும், அவருடைய உழைப்பைத் தட்டில் பாதியாய் விட்டுக் குப்பையில் கொட்டாமலிருப்பதும் எங்களால் ஆகக்கூடியவை. சின்னக் காரியங்கள்தான். 25 நிமிடத்தில் சாப்பாடு வருகிறதே என்று பெருமைப்படுவதை நிறுத்துவது அதற்கும் முந்தின காரியம்.

எங்களில் சில வீடுகளில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கடைசி ஆள் கதிரையை இழுத்து உட்காரும்வரை யாரும் கரண்டியைத் தொடுவதில்லை. பாஸ்தா கொஞ்சம் ஆறிப்போகும். ஆறட்டும்.