மண்டகப்பட்டுக் கல்வெட்டு சொல்லாதது

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்த குடைவரையின், அதாவது பாறையைக் குடைந்து ஆக்கிய கோயிலின், வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் அது அமைக்கப்பட்டதாகக் கூறி, விலக்கிய பொருள்களையே பெயர் சுட்டிப் பதிவு செய்கிறது. ஆயினும் அவற்றை விலக்கியதன் காரணத்தை அது உரைக்காமையால், மன்னன் நாடியது அழியாமையையா, புதுமையையா என்று ஊகிக்கவே முடிகிறது. இன்றைய கட்டுமானங்களில் இக்குறை நேராதிருக்க வழி உண்டு. முடிவோடு அதன் காரணத்தையும் தள்ளிய மாற்றுவழிகளையும் எழுதிவைக்கும் முடிவுக் குறிப்பு, பின்னாளில் பழுதுபார்ப்பவர் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்று தெளியவும், கைவிட்ட வழியிலேயே மீண்டும் பொருளைச் செலவிடாதிருக்கவும் உதவும். திண்டிவனம் வட்டாரத்தில் ஏரி மதகுகளைப் புதுப்பிக்கும் பொறியாளர்கள், வரைபடத்தோடு அத்தகைய ஒரு பக்கத்தையும் கோப்பில் சேர்த்தல் வேண்டும்.