சத்தமும் சந்தேகமும்

பழைய காரொன்றின் எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் 'இது என்ன?' என்றுதான் முதலில் கேட்கவேண்டும். நான் முதலில் கேட்டது 'இதைச் செய்தவன் யார்?' என்று. ஒரு கேள்வியிலிருந்து மற்றதற்கு வந்துசேர எனக்குப் பதினேழு நாட்கள் சென்றன. அந்தப் பதினேழு நாட்களில் நான் சொன்ன ஒரு வசனத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

வாப்பா விட்டுச்சென்ற கார் ஒரு மொரிஸ் மைனர். 1962க்குப் பின் வந்த 1098 சீசீ எஞ்சின். இலக்கத்தகட்டில் இன்னும் ஸ்ரீ எழுத்து இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மாதக்கணக்கில் வளவுக்குள் மாமரத்தின் கீழ் நின்றது. விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் ஓடுகின்ற எந்தத் தகரத்துக்கும் விலை ஏறிக்கிடந்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு அது எட்டாது. ஆகவே 2023இல் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவழித்து எஞ்சினைத் திருத்தக் கொடுத்தேன்.

திருத்தியவன் எங்கள் ஊரில் சிறிய கராஜ் வைத்திருக்கும் ஒரு தம்பி. என்னிடம் எட்டாம் ஆண்டுவரை படித்தவன். பின் வாங்கில் இருந்தவன். பிக் எண்ட் பெயாரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று சொல்லி மாற்றினான். விசிறிப் பெல்ட்டும் புதிது போட்டான். காரை எடுக்கும்போது கடதாசியில் சுற்றிய ஒரு பார்சலை டிக்கிக்குள் வைத்துவிட்டு, "சேர், புதுப் பெல்ட் கொஞ்சம் இழுபடும். ஒரு கிழமையால கொண்டுவாங்க, இறுக்கித் தாறன்" என்றான்.

ஒரு கிழமை கழிந்தது. நான் கொண்டுபோகவில்லை. பெல்ட் இறுக்குவது பெரிய வேலையா? டைனமோவைத் தாங்கும் போல்ட்டுகளை இளக்கி, டைனமோவை வெளியே இழுத்து, பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ்கிற அளவுக்கு வந்ததும் இறுக்கிவிடவேண்டியதுதான். வாப்பா செய்வதைச் சிறுவயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நானே செய்தேன்.

இரண்டு நாட்களில் சத்தம் தொடங்கியது. பாரமான, இரும்பு இரும்பில் படுகிற 'டொக், டொக்'. அக்ஸிலேட்டரை மிதித்தால் விரைந்தது, விட்டால் தளர்ந்தது. பிக் எண்ட் தேய்ந்தால் இப்படித்தான் தட்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் தேநீர்க்கடையில் மூன்று பேர் இருந்தோம். இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், என் மச்சான், நான். கடைக்காரரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "காச எடுத்திருக்கான், பெயாரிங் போடல்ல போல."

அந்த 'போல' என்ற சொல்லை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். தமிழில் அது மிக வசதியான ஒரு சொல். குற்றத்தைச் சொல்லவும் செய்யலாம், சொல்லவில்லை என்று தப்பவும் செய்யலாம். ஆனால் சொல்பவனின் வாயில் இருக்கும் 'போல', கேட்பவனின் காதைத் தாண்டுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது எனக்குத் தூரத்து உறவான ஒருவர் என்னிடமே சொன்னார்: "அவண்ட கராஜுக்குக் குடுக்காதீங்க சேர். பழய பெயாரிங்க அப்பிடியே வெச்சுட்டு காசு எடுக்கிறானாம்." என் வசனம் ஊரைச் சுற்றி என்னிடமே திரும்பிவந்திருந்தது. 'போல' வழியில் விழுந்துவிட்டது. நான் அப்போதும் வாய்திறக்கவில்லை.

தவணை விடுமுறை வந்ததும் நானே பார்த்துவிடத் தீர்மானித்தேன். நேர்மைக்காக அல்ல. அவனிடம் போய்ச் சண்டை பிடிப்பதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

ஸ்பானர் எடுக்க டிக்கியைத் திறந்தபோது கடதாசிப் பார்சல் கிடந்தது. பிரித்தேன். உள்ளே எட்டுப் பாதிகள். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதி. மேலிருக்கும் வெள்ளீயப் பூச்சு தேய்ந்து, அடியிலிருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. கழற்றிய பழையதை என் கையில் தருவதற்காகவே அவன் சுற்றி வைத்திருந்தான். இரண்டு கிழமைக்கு மேலாக அது என் காரிலேயே என்னோடு பயணம் செய்திருக்கிறது.

அவன் பெயாரிங் மாற்றினான் என்பது முடிவாகிவிட்டது. ஆனால் சத்தம் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவன் நேர்மையானவனா என்பதும் எஞ்சினில் என்ன பழுது என்பதும் வெவ்வேறு கேள்விகள். நான் இரண்டையும் ஒன்றாகப் பின்னி, முதலாவதற்கு விடை சொன்னால் இரண்டாவதும் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மனிதனைக் குற்றவாளியாக்கிய பின் பழுதைத் தேடவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. சந்தேகம் அறிவைப் போல வேடம் போடுவது இப்படித்தான். அது தேடலைத் தொடக்கிவைப்பதாகத் தோன்றும், உண்மையில் முடித்துவைக்கும்.

சண்டைக்கு ஆள் இல்லாமல் போனதால் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் எண்ணெய் மட்டம். சரியாக இருந்தது. விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், சூடான பின்னும் பார்த்தேன். பிஸ்டன் தளர்ந்து தட்டினால் சூடாக ஆகக் குறையவேண்டும். புகைக்குழாய் மூட்டில் காற்றுக் கசிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. இது குறையவில்லை. பிறகு வால்வுகள். கிராங்க் தண்டு இரண்டு தடவை சுற்றினால் கேம் தண்டு ஒரு தடவைதான் சுற்றும். ஆதலால் டெபட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதியாக, மெல்லியதாக, மேலிருந்து கேட்கும். என்றாலும் இடைவெளிகளை அளந்தேன். இந்த எஞ்சினில் அதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்கவேண்டும், ஆறு திறந்திருக்கும்போது மூன்றை. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. எட்டு வால்வுகளிலும் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு. அதிலும் பிழையில்லை.

அடுத்து, ஓடும் எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தேன். ஒரு சிலிண்டரின் பிக் எண்ட் தட்டுமானால், அந்தச் சிலிண்டரில் வெடிப்பை நிறுத்தியதும் தட்டல் குறையும். நான்கிலும் எஞ்சின் தடுமாறியதே தவிர, சத்தம் மாறவில்லை. நான் ஊரெல்லாம் சொன்ன தீர்ப்புக்கு எதிராக எஞ்சின் நான்கு தடவை சாட்சி சொன்னது.

நீளமான ஸ்குரூ ட்ரைவரின் பிடியைக் காதெலும்பில் வைத்து, நுனியை எஞ்சினின் பல இடங்களில் தொட்டுக் கேட்டேன். எங்கே தொட்டாலும் தட்டியது. விஞ்ஞான பாடத்தில் நானே கற்பிப்பதுதான். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும், இரும்பில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகம். ஓரிடத்தில் பிறந்த சத்தம் இரும்பு முழுவதற்கும் சொந்தமாகிவிடுகிறது. கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு.

கடைசியாக விசிறிப் பெல்ட்டைக் கழற்றினேன். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. ஆகவே அதில்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக்கூடாது. ஸ்டார்ட் செய்தேன். தட்டல் இல்லை. வாப்பாவின் காலத்து அமைதி.

எஞ்சினை நிறுத்தி, விசிறியைப் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. டைனமோவைப் பிடித்தேன். கையோடு வந்தது. மூன்று போல்ட்டுகளில் கீழேயுள்ளது மட்டும் இறுகியிருந்தது. மேலே இரண்டும் தளர்ந்து, முன்னதின் நட் கழன்றுவிழும் நிலையிலிருந்தது. பெல்ட்டை இறுக்கிய அன்று, இளக்கியதை மீண்டும் இறுக்க மறந்தவன் நான்தான்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது 'அல்முன்கித்' நூலில் புலன்களை ஒவ்வொன்றாக விசாரணைக்கு அழைக்கும் இடம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. நிழல் அசையாமல் நிற்கிறது என்று கண் தீர்ப்பளிக்கிறது, பொறுத்திருந்து பார்த்தால் நிழல் நகர்ந்திருக்கிறது. அந்த இடத்தைப் பயிற்சிக் கலாசாலை நாட்களில் வாசித்தபோது, புலன்கள் பொய்யானவை என்பதுதான் அதன் சாரம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வேறொன்று தெரிகிறது. என் காது பொய் சொல்லவில்லை. தட்டல் இருந்தது உண்மை. 'தட்டுகிறது' என்பதோடு காதின் வேலை முடிந்துவிட்டது. 'அவன் ஏமாற்றினான்' என்பதை அதன்மேல் வைத்தது நான். கண்ணைத் திருத்தியது பொறுமை என்றால், காதைத் திருத்தியதும் அதுதான்.

அந்தப் பையனின் பெயர் ஏன் என் வாயில் அவ்வளவு இலகுவாக வந்தது? கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டால், திரும்புவதற்கு முன்பே ஆசிரியர்கள் ஒரு பெயரைச் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு வகுப்பிலும் அதற்கென்று ஒரு பெயர் இருக்கும். அவனது வகுப்பில் அது அவனுடைய பெயர். எத்தனை தடவை அது பிழையான பெயராக இருந்தது என்று நான் ஒருபோதும் பரிசோதித்ததில்லை. வகுப்பு அமைதியாகிவிடும், அமைதியே ஆதாரமாகிவிடும்.

சந்தேகப்படுவதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலைசெய்பவனிடம் காசு கொடுக்கும் ஏழைக்குச் சந்தேகம் ஒரு பாதுகாப்பு. உண்மையில் ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு கடமை உண்டு. அது முதலில் போகவேண்டிய இடம் சந்தேகிக்கப்பட்டவனின் வாசல். "தம்பி, தட்டுது, என்னெண்டு பாரு" என்று கேட்பது ஒரு சதமும் செலவில்லாத பரிசோதனை. நான் அதை விட்டுவிட்டுத் தேநீர்க்கடைக்குப் போனேன். சந்தேகத்தை வைத்திருந்ததல்ல என் பிழை, பரிசோதிக்காமல் விநியோகித்தது. அத்தோடு, சந்தேகநபர் பட்டியலில் என் கையை நான் சேர்க்கவேயில்லை. இளக்கியதும் இறுக்கியதும் இந்தக் கைதான் என்று தெரிந்திருந்தும்.

அன்று பின்னேரமே கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையைச் சாக்குத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டான். டைனமோ விஷயத்தில் சிரித்தான். மற்றதில் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியும் சேர். ரெண்டு பேர் வேலைக்கு விட்ட வாகனத்த திருப்பி எடுத்துட்டாங்க" என்றான். சற்றுப்பொறுத்து, "நீங்க சொன்னா ஆக்கள் நம்புவாங்கதானே" என்றான். அதில் குற்றச்சாட்டு இருந்ததா, மரியாதை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு நான் சொன்ன ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போனேன். மச்சான் "சரி, விடுங்க" என்றார். தேநீர்க்கடைக்காரர் தலையாட்டினார். தபாலதிபர் மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சேர். ஆனா நெருப்பில்லாம புகையுமா?" என்றார். புகையை மூட்டியதே நான்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். என்னுடைய நல்ல குணத்தினால் நான் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று அவர் முடிவுசெய்துவிட்டார்.

டைனமோ நட்டை இறுக்க அரை நிமிடம் எடுத்தது. இப்போது கார் நன்றாக ஓடுகிறது. தபாலதிபரை வழியில் காணும்போதெல்லாம் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறேன். எஞ்சினின் சத்தத்தை அவர் கேட்கட்டும் என்றுதான். அவர் இதுவரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.