குளியலறை மாடமும் தஹாரத்தும்

 

தூய்மை ஈமானில் பாதி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றிருப்பதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் அந்தப் பாதி நம் வீட்டில் எந்த இடத்தில் உருவாகிறது என்று எண்ணிப் பார்த்தோமா? தொழும் பாயிலா? இல்லை. ஒளுவும் கடமையான குளிப்பும் நிறைவேறுகிற அந்தச் சின்னஞ்சிறு குளியலறையில்தான்.

மண்ணடி, இராயபுரம் போன்ற இடங்களில் ஒற்றை அறையும் அடுப்படியுமாக வாழும் குடும்பங்களின் நிலை நமக்குத் தெரியும். கழிவறையும் குளியலறையும் ஒன்றே. இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதற்குள்தான் தண்ணீர் டிரம், சோப்பு, சீயக்காய், எண்ணெய்க் குப்பி, மிஸ்வாக்கு, பினாயில், அழுக்குத் துணி எல்லாம் இருந்தாக வேண்டும். இடம் சிறிது என்பது குற்றமன்று. எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் மார்க்கம் பேசுகிறது.

முதலில் தண்ணீர். ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் அளவுக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால், நிறமோ மணமோ சுவையோ மாறாவிட்டாலும் அது நஜீஸாகி விடும். ஹனபி மத்ஹபிலும் வாளித் தண்ணீர் குறைந்த நீர்தான். அப்படியிருக்க, குழந்தையின் மூத்திரத் துணியை டிரம்மின் விளிம்பில் போடுவதும், தரையில் கிடந்த செம்பை அப்படியே உள்ளே முக்குவதும் சிறிய செயல்களா? அந்தத் தண்ணீரில் வீடு முழுவதும் ஒளுச் செய்கிறது. செம்புக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். டிரம்முக்கு மூடி போடுங்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். டெங்குக் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது என்பதும், அந்த முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதும் இன்று நமக்குத் தெரிந்த செய்தி. ஆகவே வாரத்துக்கொரு முறை டிரம்மைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு எவரும் வஸ்வாஸில் விழவும் வேண்டாம். ஒரு துளி தெறித்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தால் தண்ணீர் நஜீஸாகாது. உறுதியானதைச் சந்தேகம் போக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி.

மாடத்தில் விரிக்கும் காகிதத்தையும் கொஞ்சம் பாருங்கள். பழைய காலண்டர் தாளில் அல்லாஹ்வின் திருநாமம் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பிஸ்மில்லாஹ் இருக்கும். அவற்றை அங்கே விரிக்கலாகாது. காகிதமே தேவையில்லை, ஈரத்தில் ஊறிக் கரப்பானுக்கு வீடாவதைத் தவிர அதனால் வேறு பயனில்லை.

ஆசிட்டையும் பினாயிலையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. தாகமெடுத்த குழந்தைக்கு அது சர்பத்தாகத்தான் தெரியும். வந்த பாட்டிலிலேயே, எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து கழுவாதீர்கள். அதிலிருந்து குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது உயிரையே பறிக்கலாம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் பெரு நோக்கங்களில் ஒன்று.

இனி, சொல்லத் தயங்குகிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சில சகோதரர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் படியுங்கள்.

நம் சிறிய வீடுகளில் பெண்களின் ஹைளுத் துணி எங்கே காய்கிறது? குளியலறை மாடத்தின் பின்புறத்தில், பினாயில் டப்பாவுக்கு அடியில், மற்றொரு ஈரத்துணிக்குள் சுருட்டப்பட்டுக் காய்கிறது. இல்லை, காய்வதே இல்லை. மாமனார் பார்ப்பார், மைத்துனர் பார்ப்பார் என்ற வெட்கம். அரை ஈரத்தோடு அதையே மறுபடி உபயோகிக்கிறார்கள். அரிப்பும் நோய்த் தொற்றும் வரக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வந்தாலும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள் நம் பெண்கள். சகித்துக்கொள்வதே ஹயா என்று யாரோ அவர்களுக்குக் கற்பித்துவிட்டார்கள்.

மதீனத்துப் பெண்மணிகள் அப்படி இருக்கவில்லை. ஆடையில் ஹைளு இரத்தம் பட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் நேராகப் பெருமானாரிடமே வந்து கேட்டார். சுரண்டிவிட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்து, கழுவிய பின் அதை உடுத்தியே தொழலாம் என்று நபியவர்கள் வெளிப்படையாக விடையளித்தார்கள். இதை அறிவிப்பவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் புதல்வி அஸ்மா (ரலி). மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். தூய்மையாளரை அல்லாஹ் நேசிப்பதாகக் கூறும் திருவசனம் (2:222) எந்தப் பேச்சோடு தொடங்குகிறது? மாதவிலக்கைப் பற்றிய கேள்வியோடு!

எனவே, வீட்டுத் தலைவர்களே! மாடத்தில் ஒரு தட்டை உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் விட்டுக்கொடுங்கள். ஒரு சின்னத் திரை, காய்ந்த துணியை வைக்க மூடியுள்ள ஒரு டப்பா, நாப்கின் உபயோகிப்பவர்களுக்கு மூடி போட்ட ஒரு குப்பைத் தொட்டி. இதற்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. நாப்கினைக் கழிவறையில் போட்டால் குழாய் அடைத்து, தெரு முழுவதும் நஜீஸ் ஓடும். துணியாயின் வெயிலில் காய வேண்டும். மொட்டை மாடிக் கொடியில் மேலே ஒரு மெல்லிய துப்பட்டியைப் போர்த்திவிட்டால் மறைவும் ஆயிற்று, காய்ந்ததும் ஆயிற்று. அந்த ஆணியை அடிப்பது, கொடியைக் கட்டுவது உங்கள் வேலை. செருப்பைத் தைத்து, வீட்டு வேலைகளில் உதவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

ஹைளு வந்த பெண் தொட்ட வாளியும் செம்பும் நஜீஸ் என்று கருதும் வீடுகளும் ஆங்காங்கே உண்டு. இது நம் மார்க்கத்தில் இல்லாதது. அவளுடைய கை சுத்தமானது. அவள் மொண்டு தரும் தண்ணீரில் தாராளமாக ஒளுச் செய்யலாம். தொழுகை விரிப்பை எடுத்துத் தரும்படி பெருமானார் கேட்டபோது, தாம் ஹைளுடன் இருப்பதாக ஆயிஷா நாயகி சொன்னார்கள். ஹைளு உங்கள் கையில் இல்லையே என்பதுதான் அண்ணலார் தந்த பதில்.

துணியைக் கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாளியில் கொஞ்சம் தண்ணீரை வைத்து அதற்குள் நஜீஸ் துணியை முக்கினால், ஷாபிஈ மத்ஹபில் அந்தத் தண்ணீரும் நஜீஸாகிவிடும், துணி சுத்தமாகாது. முதலில் சுரண்டி இரத்தத்தைப் போக்கிவிட்டு, மேலிருந்து தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். தேய்த்தும், சோப்புப் போட்டும், நிறம் மட்டும் போகாமல் நின்றுவிட்டால் அது மன்னிக்கப்பட்டது. அந்தக் கறையோடு அந்த ஆடையை உடுத்தித் தொழலாம்.