கருவறையிலிருந்து கடைத்தெரு வரை: புனித எல்லைகளின் நியாயம்

வழிபாட்டிடம் எதுவும் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதில்லை. தமிழகக் கோயிலில் கோபுரவாசல், கொடிமரம், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று உள்ளே போகப் போக அனுமதி சுருங்கிக்கொண்டே வருகிறது. கருவறைக்குள் தீட்சை பெற்ற அர்ச்சகர் மட்டுமே நுழையலாம். கோயிலைக் கட்டிய அரசனுக்கும் நிற்கும் இடம் வெளியேதான். ஸ்ரீரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் வீடும் கடையும் வண்டியுமாக ஓர் ஊராகவே இருக்கின்றன. உட்சுற்றுகளில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நியமம் கூடுகிறது. எருசலேமில் ஏரோது மன்னன் விரிவாக்கிய ஆலயத்திலும் இதே அமைப்புதான். புறவினத்தார் முற்றம், பெண்கள் முற்றம், இஸ்ரவேலர் முற்றம், குருக்கள் முற்றம் என்று படிப்படியாகச் சென்று, மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் தலைமைக் குரு ஒருவர் மட்டும், அதுவும் பாவநிவாரண நாளில் மட்டும் போவார். புறவினத்தார் முற்றத்தின் எல்லையில் தாழ்வான ஒரு தடுப்பு இருந்தது. அதைத் தாண்டும் அந்நியனுக்கு மரணம் என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கும் நிறைந்தவன் என்று இறைவனைச் சொல்லும் மதங்களே இப்படிக் கோடு கிழிப்பது முரண்பாடாகத் தோன்றும். சமயவாதிகளின் விடை எளியது: எல்லை கடவுளுக்குத் தேவையில்லை, வழிபடுபவனுக்குத் தேவை. பால் பசுவின் உடலெங்கும் இருந்தாலும் மடியில்தான் சுரக்கும் என்பது சைவர்கள் வழக்கமாகச் சொல்லும் உவமை. செருப்பைக் கழற்றுவதும் குளித்துவிட்டு வருவதும் பேச்சைக் குறைப்பதும் மனத்தைத் தயார்செய்யும் பயிற்சிகள். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், புனிதம் என்று தனியே ஒதுக்கி விலக்குகளால் காப்பதே மதத்தின் அடையாளம் என்றார். விலக்கே இல்லாத மதம் அரிது என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் விலக்குகள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல. அந்த வேறுபாட்டை அவருடைய வரையறை காட்டுவதில்லை.

வேறுபாட்டைக் காண வடலூரைப் பார்த்தால் போதும். இராமலிங்க வள்ளலார் 1867இல் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு தொடங்கியது. சபைக்குள் போகக் கொலையும் புலாலும் தவிர்த்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. சாதி, குலம் எதையும் அந்த விதி கேட்பதில்லை. புலாலை விட்டவருக்கு வாசல் திறந்துவிடும். தருமச்சாலைக்கோ அந்த நிபந்தனையும் கிடையாது. பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் சோறு உண்டு. உயிரிரக்கத்தையே தம் நெறியின் உயிராக வைத்த ஒருவர், தாம் நிறுவிய இரண்டு இடங்களில் ஒன்றுக்கு மட்டும் எல்லை வகுத்தது கவனிக்கத்தக்கது. வழிபட வருபவரிடம் ஒன்றைக் கேட்டார். பசித்து வருபவரிடம் எதையும் கேட்கவில்லை. புனித எல்லை பற்றித் தமிழில் செயலாகவே எழுதப்பட்ட மிகத் தெளிவான கோட்பாடு இதுதான் எனலாம்.

ஆக, விலக்கில் முதல் வகை செயலைப் பற்றியது: நோன்பு, நீராட்டு, உடை, புலால் மறுப்பு. கோயிலுக்குள் கைபேசியைத் தடைசெய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவும் இந்த வகைதான். யாரும் இதை நிறைவேற்றலாம், நிறைவேற்றியவர் உள்ளே போகலாம். இரண்டாவது வகை பணியைப் பற்றியது. கருவறை அர்ச்சகருடைய பணியிடம். அந்தப் பணி பிறப்பால் மட்டுமே வருமா, பயிற்சியாலும் வருமா என்ற வழக்கு தமிழகத்தில் 1970இன் சட்டத்திருத்தத்திலிருந்து நடந்துவருகிறது; பயிற்சி முடித்த பல சாதியினர் 2021 ஆகஸ்டில் நியமிக்கப்பட்டனர். மூன்றாவது வகை பிறப்பைப் பற்றியது. என்ன செய்தாலும் திறக்காத வாசல் இது ஒன்றுதான்.

புலையர் குலத்தில் பிறந்த சிவனடியார் திருநாளைப்போவாரைப் பற்றிப் பெரியபுராணம் சொல்லும் வரலாறு இந்த மூன்றாவது வாசலில்தான் நிற்கிறது. திருப்புன்கூரில் நந்தி விலகி அவருக்குக் காட்சி கிடைக்கிறது. அங்கே எல்லையை இறைவனே தளர்த்துகிறான். தில்லையில் அவர் தீயில் இறங்கி வேறு உருவத்தோடு எழுந்து உள்ளே போகிறார். பக்தியின் வெற்றி என்று காலங்காலமாகப் படிக்கப்பட்ட கதை இது. வாசல் அப்படியே இருக்க, உடல் ஏன் மாற வேண்டியிருந்தது என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டு வாசகர்களுக்கு எழுந்தது; எழுந்தது நியாயமே.

பிறப்பு விலக்கு கோயில் மதிலோடு நிற்கவுமில்லை. கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. வழக்கத்தையே சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. அங்கே தடை கோயில் வாசலில் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்து வைக்கத்தில் அது தெருவுக்கே வந்துவிட்டது. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் தீண்டல் பலகைகள் நட்டிருந்தார்கள். ஈழவரும் புலையரும் அதற்கு அப்பால் நடக்கக் கூடாது; கிறித்தவரும் முஸ்லிமும் தாராளமாக நடக்கலாம். கோயிலின் புனிதத்தைக் காப்பதற்கான தடை என்றால், கோயிலோடு சம்பந்தமே இல்லாதவருக்கு வழிவிட்டு அதன் கடவுளை வணங்குபவரை ஏன் நிறுத்த வேண்டும்? வைக்கம் போராட்டக்காரர்கள் விடாமல் கேட்ட இந்தக் கேள்விக்குச் சமயத்துக்குள்ளிருந்து பதில் வரவேயில்லை.

1924 மார்ச் 30 அன்று ஒரு புலையர், ஓர் ஈழவர், ஒரு நாயர் என மூவர் பலகையை நோக்கி நடந்து கைதானார்கள். ஏப்ரலில் பெரியார் வந்து தலைமையேற்று இருமுறை சிறை சென்றார். 1925 பிப்ரவரியில் சாலைகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் சமஸ்தான சட்டசபையில் 22க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. அடுத்த மாதம் வந்த காந்தி, எதிர்த் தரப்புக்குத் தலைமை தாங்கிய இண்டன்துருத்தி நம்பியாதிரியின் இல்லத்துக்கே போய்ப் பேசினார். வைசியர் என்பதால் அவரையும் வீட்டுக்குள் விடாமல் வெளிமண்டபத்தில்தான் உட்கார வைத்தார்கள். வாதம் கர்மவினையில் வந்து நின்றது. முற்பிறவிப் பாவத்தால் தாழ்ந்து பிறந்தவர்கள் தண்டனையை அனுபவிக்கிறார்கள், சாலைத் தடையும் அதில் ஒரு பகுதி என்றார்கள் வைதிகர்கள். வினையை ஒப்புக்கொண்டாலும், கடவுள் கொடுத்த தண்டனையோடு மேலும் சேர்க்க மனிதருக்கு யார் அதிகாரம் தந்தது என்று காந்தி கேட்டார். வினைக்கொள்கையை மறுக்காமலேயே அதிலிருந்து தடைக்கு வரும் பாதையை அவர் அடைத்துவிட்டார். இந்த விவாதம் முழுவதிலும் தத்துவ வலிமை கொண்ட வாதம் இதுவே. அந்த ஆண்டு நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்குச் சாலை திறக்கவில்லை. கோயில்களே திறந்தது 1936 நவம்பர் 12 பிரகடனத்தில்தான். சென்னை மாகாணத்தில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் கக்கன் முதலியோரோடு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நுழைவுக்கான சட்டம் அதன் பின்னால் வந்தது.

அரசியல் சட்டம் தெரு, கோயில் என்ற இந்த இரண்டு எல்லைகளையும் தனித்தனியே எடுத்துக்கொண்டது. கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி, மத விலக்கு கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது 25ஆம் பிரிவு. சமயப் பிரிவுகள் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமை 26ஆம் பிரிவில் இருக்கிறது. பின்னிரண்டும் மோதிய வழக்கு, தென் கன்னடத்து மூல்கியில் கௌட சாரஸ்வத பிராமணர்களின் வேங்கடரமணர் கோயில் பற்றியது. 1957இல் தீர்ப்பெழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். கோயிலில் யார் எங்கே நிற்கலாம் என்பது ஆகமப்படி சமயக் காரியமே என்று அவர் ஏற்றார். ஆனாலும் பொது நுழைவுரிமை அதற்கு மேலானது என்றார். சில சிறப்புச் சடங்குகளை மட்டும் அந்தச் சமூகத்தாருக்கு விட்டுவைத்தார். எல்லையை அழிக்காமல், வாசலிலிருந்து சடங்குக்கு உள்ளே தள்ளிவைத்த தீர்ப்பு இது.

சபரிமலை இதைவிடச் சிக்கலானது. 10 முதல் 50 வயதுவரையுள்ள பெண்களுக்கான தடை, சாதிப் பிறப்பைப் போல வாழ்நாள் முழுதும் நீடிப்பதல்ல. ஆனால் 41 நாள் விரதம் இருந்தாலும் அந்த வயதில் வாசல் திறந்ததில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று தடையை நீக்கியபோது மறுத்து எழுதியவர் அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ரா. பெண்களை விலக்கும் இடங்கள் வேறு நாடுகளிலும் உண்டு: கிரேக்கத்தின் அதோஸ் மலை இன்றும் பெண்களை விடுவதில்லை, ஜப்பானில் புனித மலைகளின் தடையை 1872இல் அரசே நீக்கியும் ஓமினே மலையில் வழக்கம் தொடர்கிறது. இவை வைக்கத்தைப் போன்றவை அல்ல. வழிபட விரும்புகிறவரும் வழிபாட்டை நடத்துகிறவரும் தம் மரபு எது என்று தமக்குள் வழக்காடுகிறார்கள். வழியில் போகிற மூன்றாமவர் இதில் இல்லை.

பழனி விவகாரத்தில் மூன்றாமவர் வருகிறார். இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாதென்று பலகை வைக்க 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே உத்தரவில், அந்தத் தெய்வத்திடம் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று எழுதிக்கொடுப்பவரை அனுமதிக்கலாம், அதற்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்றும் இருந்தது. பிறப்பைக் கேட்காமல் நம்பிக்கையைக் கேட்டதால் இது முதல் வகையை நெருங்குகிறது. நம்பிக்கையை எழுத்தர் ஒருவர் பதிவேட்டில் சரிபார்ப்பது எப்படி என்பது வேறு விஷயம்.

அண்மைக் காலத்தில் எல்லை மதிலை விட்டுச் சதுரக் கிலோமீட்டரில் அளக்கப்படுகிறது. ரிஷிகேசத்தில் முட்டை விற்பனைக்கு நகராட்சி விதித்த தடையை 2004இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மதுராவில் கிருஷ்ணர் பிறந்த இடத்தைச் சுற்றிப் 10 சதுர கி.மீ. பகுதியை 2021இல் தீர்த்தத் தலமாக அறிவித்து மதுவும் இறைச்சியும் விற்கத் தடை வந்தது. மத்தியப் பிரதேசத்தில் பல தலங்களில் 2025 ஏப்ரல் முதல் மதுக்கடை இல்லை. அசாமின் 2021 சட்டம் எந்தக் கோயிலிலிருந்தும், சத்ரா எனப்படும் எந்த வைணவ மடத்திலிருந்தும் 5 கி.மீ. தொலைவுக்குள் மாட்டிறைச்சி விற்பனையைத் தடுக்கிறது.

இவற்றுக்கும் மதச்சார்பற்ற தடைகளுக்கும் வடிவம் ஒன்றுதான். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பனை இல்லை. வேறுபாடு காரணத்தில் இருக்கிறது. நோயாளியின் தூக்கமும் குழந்தையின் நுரையீரலும் எந்த மதத்தவருக்கும் எந்த மதமும் இல்லாதவருக்கும் விளங்கும் காரணங்கள். தலங்களில் மதுத் தடைக்கும் கூட்டம், சச்சரவு, பெண்களின் பாதுகாப்பு என்று அப்படியான காரணம் காட்ட முடியும். முட்டைக்கு முடியாது.

தலத்தின் புனிதம் மதிலோடு முடிவதில்லை, ஊரே வழிபாட்டின் ஓர் அங்கம் என்பது பக்தர்கள் தரப்பு வாதம், லேசாகத் தள்ளக்கூடியதல்ல. திருவண்ணாமலையில் மலையே லிங்கம். கிரிவலம் 14 கி.மீ. நீள்கிறது. ஆனால் கிரிவல மரபின் நியமங்கள் நடப்பவரைத்தான் கட்டுகின்றன. செருப்பில்லாமல் நடக்க வேண்டியவர் அவர். பாதையோரத்தில் குடியிருப்பவருக்கு அந்த நியமம் எதுவும் இல்லை. வழிபடாதவரின் அடுப்பையும் கடையையும் கட்டுப்படுத்தாமலேயே அந்த மலையின் புனிதம் நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. 5 கிலோமீட்டர் என்ற கணக்கோ எந்த ஆகமத்திலும் இல்லை. அது ஒரு சட்டமன்றத்தின் முடிவு. அதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பும் அந்தச் சட்டமன்றத்துடையதுதான், கடவுளுடையதல்ல.