எதிர்காலத் தொடர்வினையும் தேவசித்தமும்

சௌதாம்ப்டன் துறைமுகத்தில் நிற்கும் ஓர் ஆங்கிலேயன், "நாளை இந்நேரம் எங்கள் கப்பல் பிஸ்கே விரிகுடாவைக் கடந்துகொண்டிருக்கும்" என்று சொல்லும்போது, இன்னும் நங்கூரம் எடுக்காத கப்பலை அவன் நடுக்கடலில் வைத்துப் பார்த்துவிடுகிறான். புறப்பாட்டையும் சொல்லாமல், போய்ச் சேர்வதையும் சொல்லாமல், நிகழாத ஒன்றின் மத்தியில் போய் நின்றுகொள்ளும் இவ்வினை வடிவத்தை, இரண்டு உதாரணங்களோடு இலக்கண ஆசிரியர்கள் கடந்துவிடுகிறார்கள். ஆனால் வராத காலத்துக்கு மத்தியென்று ஒன்று உண்டா என்பது வேதாந்திகளுக்கு உரிய கேள்வி.

நாளை ஒரு கடற்போர் நடக்கும் அல்லது நடவாது என்பது நிச்சயமேயாயினும், நடக்கும் என்பதோ நடவாது என்பதோ இன்றே தீர்ந்த உண்மையாகிவிட்டால் மனிதர் கூடி ஆலோசிப்பது வீண்வேலையாகுமே என்று அரிஸ்டாட்டில் எழுப்பிய ஆட்சேபம் பிரசித்தமானது. அதற்குக் கிறிஸ்தவ உலகம் கண்ட சமாதானங்களுள் என் மனத்துக்கு உகந்தது, தியோடரிக் மன்னனின் கீழ் உயர்பதவி வகித்து, ராஜத்துரோகப் பழி சுமந்து, கி.பி. 524-ஐ ஒட்டிச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த போதியஸ் தமது 'தத்துவத்தின் ஆறுதல்' என்னும் நூலின் இறுதிப் பாகத்தில் அளித்தது. ஈசுவரன் எதையும் முன்கூட்டி அறிவதில்லை, முக்காலமும் அவனுக்கு ஒரே நிகழ்காலமாதலால் அவன் வெறுமனே காண்கிறான். ஒருவன் நடந்துகொண்டிருப்பதை நாம் காண்பது அவனை நடக்கும்படி நிர்ப்பந்திக்காததுபோலவே, அந்தத் திவ்ய திருஷ்டியும் நம் சுதந்திரத்தைப் பறிப்பதில்லை என்பது அவர் கொள்கை. அப்படியானால் துறைமுகத்து ஆங்கிலேயன், ஈசுவரனுக்கே உரிய அந்தப் பார்வையை ஒரு கணம் இரவல் வாங்கிக்கொண்டானா?

நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஓராண்டு தங்கி வியாபாரம் செய்து லாபம் சம்பாதிப்போம் என்று பேசும் வணிகரை யாக்கோபின் நிருபம் கண்டிப்பதை நினைத்தால், இவன் அவர்களினும் அகங்காரி என்றே தோன்றும். வழக்கை உற்று நோக்கினால் விஷயம் அவ்வளவு எளிதன்று. 1653-இல் ஜான் வாலிஸ் என்னும் கணித மேதை லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம், பேசுபவன் தன்னைக் குறித்துச் சொல்லுமிடத்தில் 'ஷல்' வெறும் முன்னறிவிப்பென்றும் 'வில்' வாக்குறுதி அல்லது மிரட்டல் என்றும் வகுத்தது. அதாவது அம்மொழியின் எதிர்காலச் சொல்லிலேயே சங்கற்பத்தின் வாசனை உண்டு. தொடர்வினை அந்த வாசனையைப் போக்கிவிடுகிறது. 'வருவாயா' என்னும் கேள்வி ஒருவனுடைய இஷ்டத்தைப் பிடித்து இழுக்கிறதென்றால், தொடர்வினையில் கேட்ட கேள்வி காரியங்கள் தம் போக்கில் எப்படி அமைந்திருக்கின்றன என்று மட்டுமே விசாரிக்கிறது. ஆங்கிலேயர் அதை மரியாதையாகக் கருதுவதும் இதனால்தான்.

ஆகவே அகங்காரம் இங்கே குறைந்திருக்கிறது. பக்தி கூடியிருக்கிறதா என்றால், இல்லை. தன் சங்கற்பத்தை விட்டவன் அதைத் தெய்வத்திடம் ஒப்படைக்கவில்லை, கப்பல் கம்பெனியின் கால அட்டவணையிடம் ஒப்படைத்துவிட்டான். வணிகர்களுக்காவது தாங்கள் செய்யப்போகிறோம் என்ற நினைவு இருந்தது, அதனால் கண்டிக்கவும் முடிந்தது. தானாக நடந்துகொண்டிருக்கும் காரியத்தை யார் கண்டிப்பது? அடுத்த ஞாயிறு பிஷப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார் என்று அறிவித்துவிட்டு, 'தேவசித்தமானால்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் இரண்டு முதலெழுத்துகளைப் பக்கத்தில் சேர்க்கும் பழைய திருச்சபை வழக்கத்தைச் சிலர் வெறும் சம்பிரதாயம் என்று பரிகசிப்பார்கள். மற்ற வினைகளைவிட இவ்வினைக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது என்பேன்.